பி.எம்.இ.ஜி.பி. கடன் விண்ணப்பம் திரும்பி வந்தபோது செய்தது

பி.எம்.இ.ஜி.பி. என்பது புதிதாகத் தொழில் தொடங்க மானியத்துடன் வங்கிக் கடன் தரும் மத்திய அரசுத் திட்டம். அதில் மசாலாப் பொடி அரைக்கும் ஆலைக்கு நான் கொடுத்த விண்ணப்பத்தை வங்கி திருப்பி அனுப்பியது. திட்ட அறிக்கையை மாவட்டத் தொழில் மையத்தில் காட்டியதும் சிக்கல் தெரிந்தது: நிலத்தின் விலையும் திட்டச் செலவில் சேர்ந்திருந்தது. இத்திட்டத்தில் அது கூடாது. அதை நீக்கி, அரைவை இயந்திரம், சலிப்பான், பாக்கெட் ஒட்டும் இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் ஜிஎஸ்டி எண்ணுள்ள கொட்டேஷன் இணைத்தேன். மாத விற்பனையை இயந்திரத்தின் அரைவைத் திறனிலிருந்தே கணக்கிட்டேன். மேலாளர் முதலில் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்.

உற்பத்தித் தொழிலுக்குத் திட்டச் செலவு 50 லட்சம் வரை, சேவைக்கு 20 லட்சம் வரை. பொதுப் பிரிவினர் 10 சதவீதம் கைப்பணம் போட வேண்டும். மானியம் நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீதம். பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்குக் கைப்பணம் 5 சதவீதம்தான். மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். மானியம் கைக்கு வராது, 3 ஆண்டு வங்கியிலேயே வைப்பாக இருக்கும். அதை நம்பிச் சரக்குக்குக் கடன் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கு இந்த மானியம் கிடையாது. அதனால் கடன் அனுமதியாகும் முன் அவசரப்பட்டு உற்பத்தியைத் தொடங்கிவிட வேண்டாம். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். ஆதாரும் பான் எண்ணும் போதும். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.