லிஃப்ட் செய்த வண்டிக்கு ஷாக் தேர்ந்தெடுத்தது: என் அனுபவம்

ஸ்பிரிங் மாற்றி வண்டியை 2 அங்குலம் உயர்த்தியதிலிருந்து, பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம். புஷ், போல்ட் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. வண்டி உயர்ந்துவிட்டது, ஷாக் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாய்) மட்டும் பழைய நீளம், அதனால் அதன் ராடு முழுக்க வெளியே வந்து முட்டி நின்றது.

'2 அங்குல லிஃப்டுக்கு' என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வாங்க மனம் வரவில்லை. சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷாக்கையும் காயில் ஸ்பிரிங்கையும் கழற்றி, பிரேக் ஹோஸ் இழுபடாத அளவுக்கு ஆக்சிலைக் கீழே இறக்கி மேல் மவுண்டுக்கும் கீழ் மவுண்டுக்கும் இடையே அளந்தேன்; அப்புறம் ஜாக்கியால் பம்ப் ஸ்டாப்பை (ஆக்சில் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர்) முட்டும்வரை ஏற்றி மறுபடி ஓர் அளவு. எல்லோரும் விரிந்த நீளத்தைத்தான் பார்க்கிறார்கள், ஆனால் சுருங்கிய நீளம்தான் ஆபத்தானது: பம்ப் ஸ்டாப்புக்கு முன்பே ஷாக் அடியில் முட்டினால் ஷாக் போகும், இல்லை மவுண்ட் பிய்யும். ரொம்ப நீளமானதைப் போட்டாலோ சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவும்.

வகையில் மோனோட்யூப் (ஒற்றைக் குழாய் ஷாக்) எடுத்தேன். நைட்ரஜனையும் எண்ணெயையும் தனி பிஸ்டன் பிரிப்பதால் நுரைக்காது, சூடும் சீக்கிரம் வெளியேறும். கல் அடித்து குழாய் நசுங்கினால் மட்டும் வேலை முடிந்தது, அந்த விஷயத்தில் ட்வின்ட்யூப் (இரட்டைக் குழாய்) தேவலாம். தனி ரிசர்வாயர் (கூடுதல் கலன்) வைத்த ஷாக் மெதுவாகப் பாறை ஏறுகிறவர்களுக்கு வீண் செலவு.

இப்போது சத்தம் இல்லை. சுமையில்லாதபோது பின்பக்கம் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, டயர் காற்றைச் சற்றுக் குறைத்துப் பார்க்கவேண்டும்.