மதுரையில் கல்லூரி மகளிர் வாலிபால்: புதிய ரசிகருக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரி மகளிர் வாலிபாலைத் தொடர்ந்து ரசிக்க விரும்புகிறவர் முதலில் ஒரே ஓர் அணியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இளங்கலை மாணவி மூன்று ஆண்டுகளும், முதுகலையும் அங்கேயே படித்தால் மேலும் இரண்டு ஆண்டுகளும் அதே அணியில் ஆடக்கூடும். முதலாண்டில் சர்வீஸை வலைக்கு அப்பால் அனுப்பவே திணறிய பெண், இறுதியாண்டில் அணித்தலைவியாக நின்று ஆட்டத்தை நடத்துவதைக் காண்பதுதான் இந்த ரசனையின் பெரும் பேறு என்பேன்.

தல்லாகுளத்தில் லேடி டோக், திண்டுக்கல் சாலையில் பாத்திமா, கோரிப்பாளையத்தில் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி என மதுரையில் மகளிர் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. இருபாலர் கல்லூரிகளும் பல உள்ளன. எந்தக் கல்லூரியில் இவ்வாண்டு வாலிபால் அணி இருக்கிறது, அடுத்த ஆட்டம் எங்கே, வெளியாட்களுக்கு அனுமதி உண்டா என்பவற்றை அந்தந்தக் கல்லூரியின் உடற்கல்வித் துறையில் கேட்டறியுங்கள். முன் அனுமதி பெறாமல் மகளிர் கல்லூரி வாசலில் போய் நிற்காதீர்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கல்லூரி மாணவியருக்கெனத் தனிப் பிரிவு உண்டு. அதன் மாவட்டச் சுற்று பற்றி ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் விசாரிக்கலாம்.

ஆட்டம் நடக்கும் இடத்துக்குப் போனதும் எங்கே உட்காருவது என்பது முக்கியம். வலைக்கு நேரே பக்கவாட்டில் உட்கார்ந்தால் பந்து இப்புறமும் அப்புறமும் போய்வருவது மட்டுமே தெரியும். 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட கோர்ட்டின் பின்கோட்டுக்கு அப்பால், சர்வீஸ் போடுகிறவருக்கு இடைஞ்சல் இல்லாத தூரத்தில், மூலையை ஒட்டி இடம் பிடித்தால் ஆறு பேரும் எப்படி இடம் மாறுகிறார்கள் என்பது விளங்கும். அங்கிருந்து பந்தைப் பார்க்காதீர்கள். எதிரணியின் சர்வீஸை முதலில் எடுக்கும் முன்கைகளைப் பாருங்கள். 2.24 மீட்டர் உயர வலைக்கு மேல் எழும்பி அடிக்கும் ஸ்மாஷுக்குத்தான் கைதட்டல் கிடைக்கிறது. ஆனால் அந்தப் புள்ளி பெரும்பாலும் முதல் தொடுதலிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர் செட்டர். பந்து வலையருகே காத்திருக்கும் அவரது தலைக்கு மேல் பதமாக வந்தால் அவர் இடம், வலம், நடு என்று எந்தப் பக்கமும் தூக்கிக் கொடுக்கலாம்; வலையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிப் போட்ட கோட்டுக்குப் பின்னால் வந்தால் ஓடிப்போய் எடுத்து ஓர் ஓரத்துக்குத்தான் அனுப்ப முடியும், வலையருகே எழும்பிக் கைகளால் பந்தை மறிக்கும் எதிரணியின் பிளாக்கும் அங்கே முன்கூட்டியே வந்து நிற்கும்.

அடுத்ததாகச் செட்டரை மட்டும் ஒரு முழு செட் முழுவதும் கவனியுங்கள். இழந்த சர்வீஸை மீட்கும்போதெல்லாம் அணி கடிகாரச் சுற்றில் ஓர் இடம் நகர்கிறது. இதுதான் சுழற்சி, அதாவது ரொட்டேஷன். ஒரே செட்டரை வைத்து ஆடும் அணியில் அவர் பின்வரிசைக்குப் போகும்போது முன்வரிசையில் பந்தை அடிக்கும் அட்டாக்கர்கள் மூன்று பேர் கிடைக்கிறார்கள். அவர் முன்வரிசைக்கு வந்தால் இரண்டு பேர்தான். பின்வரிசையில் இருக்கும் செட்டர், எதிரணி சர்வீஸ் அடிக்கும் அந்தக் கணம் வரை தோழிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுவிட்டு, பந்தில் கை பட்டதும் வலைக்கு ஓடிவருவதைப் பாருங்கள். ஒரு கணம் முந்திவிட்டால் நடுவர் ஆள்காட்டி விரலை வட்டமாகச் சுழற்றி ரொட்டேஷன் தவறு என்று காட்டிவிடுவார். ஓர் அணி வரிசையாக ஐந்தாறு புள்ளிகளைப் பறிகொடுத்தால், அது அநேகமாக ஒரே சுழற்சியில் சிக்கிக்கொண்டு வெளியே வர முடியாமல் தவிக்கிறது என்று பொருள்.

வேறு நிறச் சட்டை அணிந்திருப்பவர் லிபரோ. அவர் பிளாக் செய்யவோ, வலையைவிட உயரத்தில் உள்ள பந்தை அடித்து அனுப்பவோ கூடாது. சர்வீஸும் அவருக்கு இல்லை. பின்வரிசையைக் காப்பதே அவர் வேலை என்பதால், முதல் தொடுதலைக் கவனிக்கப் பழகிய கண்ணுக்கு அவர்தான் அணியின் உயிர்நாடியாகத் தெரிவார்.

திறந்தவெளிக் கோர்ட்டில் வெயிலையும் காற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். கோர்ட் கிழக்கு மேற்காக அமைந்திருந்தால் மாலை ஆட்டத்தில் மேற்கு நோக்கி நிற்கும் அணிக்கு உயரமான பந்து கண்ணைக் கூசச் செய்யும்; செட் முடிந்து பக்கம் மாறியதும் ஆட்டத்தின் போக்கே மாறுவது அதனால்தான். செட்கள் சமமாகி, வெற்றியைத் தீர்மானிக்கும் கடைசி செட் 15 புள்ளிகளுக்கு நடக்கும்போது, ஓர் அணி எட்டுப் புள்ளியை எட்டியதும் மீண்டும் பக்கம் மாறுவார்கள். அந்த எட்டுப் புள்ளிகளை யார் எந்தப் பக்கம் நின்று எடுத்தார்கள் என்பதைக் குறித்து வைப்பது நல்லது.

குறிப்பதற்கு ஒரு சிறு நோட்டுப் போதும். செட்டர் நிற்கும் இடத்தை வைத்து ஆறு கட்டம் போட்டு, எடுத்த புள்ளிக்கு ஒரு கோடும் விட்ட புள்ளிக்கு ஒரு சுழியும் இடுங்கள். சில ஆட்டங்களுக்குப் பின் உங்கள் அணிக்கு எந்தச் சுழற்சி பலவீனம் என்பது ஏட்டைப் புரட்டினாலே தெரியவரும்.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 2023 ஆகஸ்ட் 30 அன்று ஒரு கல்லூரி மகளிர் ஆட்டத்தை 92,003 பேர் நேரில் கண்டார்கள். நம் ஊர்க் கல்லூரி மைதானத்தில் கூடுதலாக வந்து கைதட்டும் பத்துப் பேரும் ஆட்டக்காரர்களின் கண்ணில் படுவார்கள் என்பதால், அங்கே நடந்துகொள்ளும் முறையில் கவனம் தேவை. நல்ல பந்துக்கு எந்த அணி என்று பாராமல் கைதட்டுங்கள். தோற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அனுமதி கேட்காமல் மாணவியரைப் படமெடுப்பதும் வெளியிடுவதும் அறவே கூடாது.

காமராசர் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டங்கள் முடிந்த பிறகு பல்கலைக்கழக அணி தேர்வாகி, தென்மண்டலப் போட்டிக்குப் புறப்படும். அங்கே முன்னேறினால் அகில இந்தியச் சுற்று. தேர்வுப் பட்டியல் வந்ததும் வாங்கிப் பாருங்கள். உங்கள் அணியை அதுவரை தடுத்து நின்ற பிளாக்கர், உங்கள் செட்டர் தூக்கிக் கொடுக்கும் பந்தை இனி அடிக்கப் போகிறார். அவருக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கிவிடுங்கள்.