எப்போதோ ஒரு தோட்டா வெடிக்கவில்லை: போல்ட் ரைபிளில் பழுது தேடும் முறை

ட்ரிகரை இழுத்ததும் 'க்ளிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் போல்ட்டை (குழலின் பின்வாயை மூடும் உருளையை) உடனே திறக்காதீர்கள். குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 விநாடி பொறுங்கள். பிரைமர் (அடிபட்டதும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தாமதித்துப் பற்றிக்கொள்வது அபூர்வம்தான், ஆனால் பற்றும்போது போல்ட் திறந்திருந்தால் கண்ணும் கையும் போகும். 'பட்' என்று மெல்லிய ஒலி கேட்டிருந்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். தோட்டாவை எடுத்துவிட்டு, குழல் காலியாக இருப்பதை உறுதி செய்யும்வரை அடுத்ததை ஏற்றவே கூடாது.

அந்த 30 விநாடியில் செய்ய ஒரு வேலை இருக்கிறது: போல்ட் கைப்பிடியைப் பாருங்கள். முழுதாகக் கீழே இருக்கிறதா, கொஞ்சம் எழும்பியிருக்கிறதா? திறந்துவிட்டால் இந்தத் தடயம் போய்விடும்.

இங்கே எடுத்துக்கொள்வது ரெமிங்டன் 700 ஆக்‌ஷன் (போல்ட் இயங்கும் உடற்பகுதி) மீது புதுக் குழல், வேறு ட்ரிகர், வேறு ஸ்டாக் (கட்டை) பொருத்திய .308 வின்செஸ்டர் இலக்கு ரைபிள். இப்படி மாற்றியமைத்த ரைபிளில் தோட்டா எப்போதாவது மட்டும் தவறினால், பெரும்பாலும் ஒரே பெரிய பழுது இருக்காது. பிரைமரைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின் கொடுக்கும் அடியின் பலம் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று குறைந்து, பிரைமர் பற்றும் எல்லையில் வந்து நிற்கும். ஆகவே ஃபயரிங் பின்னைத் தள்ளும் ஸ்பிரிங்கைக் கனமானதாக வாங்கிப் போட்டு விஷயத்தை மூடாதீர்கள். பலம் எங்கே போகிறது என்று தேடுங்கள்.

வெடிக்காத தோட்டாக்களைத் தனிப் பெட்டியில் சேருங்கள். அவற்றின் பிரைமரில் ஃபயரிங் பின் பதித்த குழியை, வெடித்த கேஸின் (தோட்டாவின் பித்தளைக் கூட்டின்) குழியோடு ஒப்பிட வேண்டாம். வெடிக்கும் அழுத்தம் குழியின் உருவத்தையே மாற்றிவிடும். வெடிக்காதவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். குழி நன்றாக ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் பிரைமர்தான் கெட்டது. எண்ணெய் பட்டதா, ஈரம் ஏறியதா என்று பாருங்கள். குழி மேலோட்டமாக இருந்து, அதே தோட்டா இரண்டாம் அடியில் வெடித்தால் பிரைமர் அடிவரை உட்காரவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது. கேஸின் அடிமட்டத்திலிருந்து உள்ளே 0.003 முதல் 0.005 அங்குலம்வரை பிரைமர் இறங்கியிருக்க வேண்டும். கேஸில் பிரைமர் உட்காரும் பள்ளத்துக்குள் கரி தங்கியிருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது.

கையால் நிரப்பிய தோட்டாவில் அடுத்துப் பார்க்க வேண்டியது கேஸின் தோள், அதாவது கேஸ் கழுத்தை நோக்கிச் சரியும் இடம். சுட்ட கேஸை டையில் (அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சில்) அழுத்தும்போது தோள் 0.001 அல்லது 0.002 அங்குலம் பின்வாங்கினால் போதும். டையை முரட்டுத்தனமாக இறக்கினால் 0.010 வரை போய்விடும். 700 போல்ட்டின் முகத்தில் உள்ள எஜெக்டர் (கேஸை வெளியே தள்ளும் ஸ்பிரிங் முளை) கேஸை எப்போதும் முன்னோக்கித் தள்ளுகிறது. குட்டையான கேஸ் அந்த அளவுக்கு முன்னே போய் நிற்கும், ஃபயரிங் பின் அதைத் துரத்திப் போய் அடிக்க வேண்டும். பின்னின் முனை வெளியே நீள்வதே சுமார் 0.055 அங்குலம்தான், அதில் 0.010 பெரிய இழப்பு. சேம்பரையும் (குழலில் தோட்டா உட்காரும் அறை) அளந்துவிடுங்கள்: எஜெக்டரைக் கழற்றிவிட்டு, 1.630 அங்குல 'கோ' கேஜில் (தோட்டா வடிவ அளவுக் கட்டை) போல்ட் மூட வேண்டும், 1.634 அங்குல 'நோ-கோ'வில் மூடக் கூடாது.

கைப்பிடி எழும்பியிருந்தது என்றால் வேறு திசை. போல்ட் முழுதாக இறங்காத நிலையில் காக்கிங் பீஸ் (ஃபயரிங் பின்னின் பின்முனையில் உள்ள துண்டு) போல்ட்டின் கேம் பள்ளத்துச் சரிவில் மோதி, ஸ்பிரிங்கின் பலத்தைப் போல்ட்டைத் திருப்புவதில் வீணாக்குகிறது. புது ஸ்டாக்கில் கைப்பிடிக்கான வெட்டு ஆழம் போதாமல் இருப்பது இதற்கு அடிக்கடி காணும் காரணம். போல்ட்டை மூடி, கைப்பிடிக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். தாராளமாகப் போய்வர வேண்டும். முன் ஆக்‌ஷன் திருகு நீளமாகிப் போல்ட்டின் லக்கில் (பூட்டும் பல்லில்) உரசுகிறதா என்றும் பாருங்கள். திருகைத் தளர்த்தியதும் போல்ட் லேசாக ஓடினால் அதுதான்.

இனி போல்ட்டைப் பிரிக்கலாம். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். காக்கிங் பீஸைப் பின்னால் இழுத்து, அதன் பள்ளத்தில் ஒரு நாணயத்தைச் சொருகி, ஷ்ரவுடை (போல்ட்டின் பின்மூடியை) திருகிக் கழற்றுங்கள். பின்னையும் ஸ்பிரிங்கையும் பிணைக்கும் குறுக்கு ஊசியை உரிய கருவி இல்லாமல் தட்டக் கூடாது. உள்ளே மூன்றைத் தேடுங்கள். முதலாவது, பிசின்போல் இறுகிய பழைய கிரீஸ். குளிரில் இது இன்னும் மோசம். இரண்டாவது, கூடுதல் அழுத்தத்தில் ஃபயரிங் பின் துளைத்தெடுத்த, மிளகைவிடச் சிறிய பிரைமர் வட்டுகள். இவை உள்ளே உருண்டு திரிந்து, இன்று பின்னைத் தடுக்கும், நாளை தடுக்காது. எப்போதாவது வரும் பழுதுக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் இல்லை. மூன்றாவது, ஸ்பிரிங்கின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருப்பது, அதாவது போல்ட்டின் உட்சுவரில் உரசல். கழுவி உலர்த்தி, மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும்.

ட்ரிகர் மாற்றிய பிறகு தவற ஆரம்பித்திருந்தால் ஃபயரிங் பின் விழும் தூரத்தை அளக்காமல் விடாதீர்கள். சேம்பர் காலியாக இருக்க, ஷ்ரவுடிலிருந்து காக்கிங் பீஸின் பின்முனை நிற்கும் இடத்தை ஏற்றிய நிலையில் ஒருமுறை, விடுவித்த நிலையில் ஒருமுறை காலிப்பரால் அளங்கள். வித்தியாசம் 0.240 அங்குலத்தை ஒட்டி இருக்க வேண்டும். சியர் (காக்கிங் பீஸைப் பிடித்து வைக்கும் ட்ரிகர் உறுப்பு) சற்று முன்னால் வந்துவிட்டால் இந்தத் தூரம் சுருங்கி, அடியும் அந்த அளவுக்குத் தளரும். விடுவித்த நிலையில் காக்கிங் பீஸின் மூக்கு கேம் பள்ளத்தின் அடியைத் தொடவும் கூடாது. மார்க்கர் மை பூசிப் பார்த்தால் தொடும் இடம் தெரிந்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் குழி ஆழமில்லை என்றால்தான் ஸ்பிரிங்குக்கு வாருங்கள். ஆலை ஸ்பிரிங் 24 பவுண்டை ஒட்டியது, இலக்கு ரைபிளுக்குப் பலர் 28 போடுவார்கள். பலன் உண்டு, ஆனால் போல்ட்டைத் தூக்கக் கை வலிக்கும்.

ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனியே செய்து சோதியுங்கள். முதலில் வெடிமருந்தும் குண்டும் இல்லாமல் பிரைமர் மட்டும் பொருத்திய 10 கேஸ்களை, காதையும் கண்ணையும் காத்துக்கொண்டு, சுடுதளத்தில் அடித்துப் பாருங்கள். பிறகு முழுத் தோட்டா. முப்பதில் ஒன்று தவறும் ரைபிளில் 20 சுட்டால், ஒன்றுகூடத் தவறாமல் போக ஏறக்குறைய பாதி வாய்ப்பு இருக்கிறது. 100 சுடுங்கள். 'நோ-கோ'வில் போல்ட் மூடினாலோ பின்னின் முனை அரித்திருந்தாலோ சோதனை அங்கேயே நிற்கட்டும். ரைபிளை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளரிடம் கொடுங்கள்.