பழைய டீசல் கார் இழுக்கலையா? டர்போ மாத்துறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

லட்சம் கிலோமீட்டர் தாண்டின டீசல் கார் மேட்டுல திணறுதுன்னா உடனே டர்போ (இன்ஜினுக்கு காத்த அழுத்தி அனுப்புறது) போச்சு, இன்ஜெக்டர் (டீசல தெளிக்கிறது) போச்சுன்னு சொல்லிடுவாங்க, அவ்ளோ பெரிய செலவுக்கு முன்னாடி சின்ன விஷயங்கள பாத்துடுங்க ப்ளீஸ்.

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் ரெண்டும் எப்ப மாத்துனீங்கன்னு ஞாபகம் இல்லன்னா மாத்திடுங்க, அதுல யோசிக்கவே வேணாம்.

அடுத்து டர்போவுல இருந்து இன்டர்கூலர் (அந்த காத்த குளிர வைக்கிறது) வழியா இன்ஜினுக்கு போற ரப்பர் ஹோஸ். இதத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க. ஹோஸ் வெடிச்சிருந்தா டர்போ அழுத்தி அனுப்புற காத்து அது வழியா வெளிய போயிடும், காத்து பத்தாம டீசல் முழுசா எரியாது, அதான் ஆக்சிலேட்டர் மிதிச்சா கருப்பு புகையும் உஸ்ஸுன்னு சத்தமும். இன்ஜின் ஆறினப்புறம் ஹோஸ வளைச்சு பாருங்க, கிளாம்ப் பக்கத்துல ஆயில் ஈரம் நிறைய இருந்தா சந்தேகப்படலாம்.

இஜிஆர் வால்வுல (புகைல கொஞ்சத்த திரும்ப இன்ஜினுக்குள்ள விடுற வால்வு) கரி அடைச்சு திறந்தபடியே நின்னுட்டாலும் இழுவை போயிடும், கழட்டி சுத்தம் பண்ண சொல்லுங்க. இன்ஜினுக்குள்ள போற காத்த அளக்குற ஏர்ஃப்ளோ சென்சர சுத்தம் பண்ண அதுக்குன்னே விக்கிற ஸ்ப்ரே மட்டும்தான், துணி விரல் எதுவும் படக்கூடாது.

ஓட்டிட்டு வந்து நிறுத்தினதும் ஒரு வீல் மட்டும் கொதிக்குதா? பிரேக் பிடிச்சிட்டு இருக்கு, இன்ஜின் மேல தப்பே இல்ல.

கடைசியா ஒண்ணு, ஸ்விஃப்ட்ல வந்த 1248 சிசி டீசல் இன்ஜின் மாதிரி இருக்குற வண்டி 2000 ஆர்பிஎம்முக்கு கீழ இயல்பாவே மந்தம்தான், அங்க கியர் குறைச்சு ஓட்டுங்க.