டோஜோவில் நாம் தப்பாகச் சொல்லும் ஜப்பானியச் சொற்கள்

டோஜோவில், அதாவது கராத்தே பயிற்சிக்கூடத்தில், ஜப்பானியச் சொற்களை யாரும் உட்காரவைத்துக் கற்றுத்தருவதில்லை. முன்வரிசை சொல்வதைப் பின்வரிசை பிடித்துக்கொள்கிறது. தவறுகளும் அப்படியேதான் பரவுகின்றன.

முதலில் உதை. தனியாகச் சொன்னால் 'கெரி'. 'கடல்' என்பதில் வருகிற க. முன்னால் இன்னொரு சொல் சேர்ந்தால் அந்தக் க மெலிந்து, 'தங்கம்' என்பதில் வருகிற க ஆகிவிடும். முன் உதையான 'மஎ கெரி', பக்கவாட்டு உதையான 'யொகொ கெரி' இரண்டிலும் இப்படித்தான். மரமும் கிளையும் சேர்ந்து மரக்கிளை ஆவதுபோல இதுவும் ஒரு புணர்ச்சி. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே க என்பதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தனியாக வரும்போதும் மெலித்துச் சொன்னால், ஜப்பானியர் காதில் அது வயிற்றுப்போக்கு என்றுதான் விழும். குத்துக்கும் இதே கதை: தனியே 'ட்சுகி', சேர்ந்தால் 'கியாகு ஜுகி' (எதிர்க்கைக் குத்து).

அடுத்தது 'உகெ'. இந்தத் தவறு வாயோடு நிற்காமல் கைக்கும் போய்விடுகிறது என்பதால் இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. எல்லோரும் இதை 'பிளாக்' என்கிறோம். ஆனால் 'உகெரு' என்றால் ஏற்றுக்கொள்வது, வாங்கிக்கொள்வது. பிளாக் என்று நினைக்கிற பிள்ளை, வருகிற குத்தின்மேல் முன்கை எலும்பைக் கட்டைபோல மோதுகிறது. வகுப்பு முடிந்ததும் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முகத்துக்கு வரும் குத்தை மேலே ஏற்றிவிடும் 'அகெ உகெ'யை மெதுவாகச் செய்து பாருங்கள். முன்கை முகத்துக்குக் குறுக்கே ஏறி, கடைசி நொடியில் மணிக்கட்டு திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில்தான் குத்து வழுக்கி மேலே போகிறது. வாங்கி வழிவிடுவது என்று சொல்லிக்கொடுத்தால் தோள் தானாகத் தளரும்.

'சென்செய்' என்பதற்கு முன்னால் பிறந்தவர் என்று பொருள். அது பிறர் நம்மை அழைக்கும் சொல். 'நான் குமார் அவர்கள்' என்று யாராவது சொல்வார்களா? தன் பெயரோடு தானே சென்செய் சேர்த்துக்கொள்வதும் அப்படித்தான். பெயருக்குப் பின்னால்தான் அது வர வேண்டும்: குமார் சார், தனகா சென்செய்.

'இச்சி' என்றால் ஒன்று. ஆனாலும் கறுப்பு பெல்ட்டின் முதல் படி 'இச்சிடான்' அல்ல, 'ஷோடான்'. ஷோ என்றால் தொடக்கம். அதற்குக் கீழே உள்ள கியூ படிகள் இறங்கு வரிசையில் எண்ணப்படுவதால், முதல் கியூதான் கறுப்புக்கு மிக அருகில் இருப்பது.

அப்புறம், ஜூடோ பழகுபவர்களுக்கு ஒன்று. 'மத்தெ' என்றால் நிறுத்து, பொறு. அதைச் சொல்ல வேண்டியவர் நடுவர். 'மஇத்தா' என்றால் தோற்றேன். கழுத்துப் பிடியில் மாட்டி மூச்சு முட்டும்போது சொல்ல வேண்டியது இரண்டாவது. குரல் வராவிட்டால் எதிராளியின் உடம்பிலோ பாயிலோ இரண்டு முறையாவது பலமாகத் தட்டுங்கள்.