கடலோர பிளாட் பார்க்க லீவில் ஊருக்குப் போகிறவர்களுக்கு

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில், அதாவது ஈ.சி.ஆரில், அடுக்குமாடி பிளாட் பார்க்கப் போவதை ஊரில் யாரிடம், எப்போது சொல்வது என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் கிருஷ்ணகிரி பக்கம் எங்கள் ஊரான காவேரிப்பட்டணத்தில் இறங்கிய அன்று மாலையே சொல்லிவிட்டேன். மூன்று வார லீவில் ஐந்து நாள் அதிலேயே போனது.

மே மாதம், மாங்காய் பறிப்பு மும்முரம். பெரியப்பா தோப்பிலிருந்து நேராக வந்தார், சட்டையெல்லாம் மாங்காய்ப் பால் கறை. "பக்கத்துத் தோப்பு ரெண்டு ஏக்கர் விலைக்கு வருது. உங்கப்பன் தண்ணி பாய்ச்சின மண்ணுக்கு ஒட்டின இடம். அதை விட்டுட்டு உப்புக் காத்துல காசைக் கொட்டப் போறியா?" என்றார்.

வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரும் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவரும் இங்கே வீடு, கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டத்தில் இடமில்லை. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். இதைச் சொன்னேன். "மண்ணு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் அந்த ஊரு பாஸ்போர்ட்டை வாங்கினியா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள், "என் பேர்ல வாங்கிடலாம், பணத்தை மட்டும் நீ போடு" என்றார். அது பினாமி. 2016இல் திருத்திய சட்டப்படி நிலமும் பறிபோகும், சிறையும் உண்டு. எவ்வளவு நெருங்கிய உறவானாலும் இதற்குத் தலையாட்டாதீர்கள். ஆனால் நான் சட்டம் என்று சொன்னது, உங்களை நம்பவில்லை என்றுதான் அவர் காதில் விழுந்தது. அப்புறம் மூன்று நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆறாம் நாள் சென்னைக்குப் போனேன். ஈ.சி.ஆரில் கானத்தூரில் பழைய பிளாட், 90 லட்சம். சின்ன வயதில் எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைதான். அந்தப் பால்கனியிலிருந்து கடலைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. கம்பியைப் பிடித்தேன், பெயிண்ட் பட்டையாக உரிந்து துரு உள்ளங்கையோடு வந்தது. வெளியே மாட்டியிருந்த ஏசி யூனிட்டின் தகடு தொட்டால் உதிர்ந்தது. கடலோர வீட்டில் இந்தச் செலவு வருடா வருடம் வரும்.

புரோக்கர் சொன்ன வாடகை 22,000. வருடத்துக்கு 2,64,000. முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் 9% சேர்த்தால் போடும் பணம் 98 லட்சத்தைத் தாண்டுகிறது, வருமானம் 2.7%தான். மெயின்டனன்ஸ், வீட்டு வரி, காலியாகக் கிடக்கும் மாதம் எல்லாம் இனிமேல்தான் கழிக்க வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் வாடகைதாரர் 31.2% வரி பிடித்துக் கட்ட வேண்டும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து, அதிகம் பிடித்ததைத் திரும்ப வாங்கலாம். ஆனால் குடிவருகிறவர் யார் இந்தத் தலைவலியை விரும்புவார்?

வாடகைக்கும் விடலாம், வரும்போது நாமும் தங்கலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். 11 மாத ஒப்பந்தத்தில் ஒரு குடும்பம் இருக்கும் வீட்டில் நமக்கு ஏது இடம்? தங்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் எத்தனை ராத்திரி என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு வருடத்தில் 21 நாள், கடலோரத்தில் ஐந்தாறு. அந்த ஐந்தாறையும் அம்மாவிடமிருந்துதான் எடுக்க வேண்டும். நான் இருக்கும் நாட்களை அம்மா தினசரி காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

வாங்குவது என்றே முடிவானால், 30 வருட வில்லங்கச் சான்று, யூ.டி.எஸ். (மனையில் நம் பிளாட்டுக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கு), கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி மூன்றையும் வக்கீலிடம் காட்டிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

நான் கொடுக்கவில்லை. கிளம்பிய அன்று விடியற்காலையில் வாசலில் ஒரு மூட்டை செந்தூரா மாங்காய் இருந்தது. பெரியப்பா வரவில்லை. இப்போதும் போன் செய்தால் பெரியம்மாதான் எடுக்கிறார்.