சாவியை எடுக்கும் முன்: உடம்பு வண்டி ஓட்டும் நிலையில் இருக்கிறதா?

தர்மபுரியில் பென்னாகரம் ரோட்டில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். நாற்பது தாண்டியவர்களும், எந்த வயதானாலும் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் கேட்பவர்களும் படிவம் 1-ஏ கொடுக்க வேண்டும். டாக்டர் பரிசோதித்துக் கையெழுத்திடுவது அது. ஒருமுறை ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்து விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதிலிருந்து, யார் வந்தாலும் முதலில் வீட்டிலேயே பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறேன்.

கண் சுலபம். பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். சாதாரண நடையில் 33 எட்டு வைத்தால் அந்தத் தூரம் வரும். கண்ணாடி போடுபவர் போட்டுக்கொண்டே படிக்கலாம். சொந்தக் காரை மட்டும் காட்டாதீர்கள், அந்த நம்பர் எல்லோருக்கும் மனப்பாடம்! பகலில் பாஸானவரிடம் ராத்திரி பற்றியும் கேளுங்கள். எதிர் வண்டி வெளிச்சம் பட்டதும் ரோடே மறைகிறது என்றால் கண்புரையாக இருக்கலாம்.

அடுத்தது சர்க்கரை. என் மச்சான் பாலக்கோட்டிலிருந்து தக்காளி லோடு ஏற்றி சேலம் போவான். ஒரு விடியற்காலை இன்சுலின் போட்டுக்கொண்டு, போகிற வழியில் சாப்பிடலாம் என்று கிளம்பிவிட்டான். டோல்கேட்டில் தடுப்பு மேலே போன பிறகும் வண்டி நகரவில்லை. கிளீனர் பையன் தோளைத் தட்டினால் பதில் குழறுகிறது, சட்டையெல்லாம் வியர்வை. பையன் சாவியைப் பிடுங்கிவிட்டான். அடுத்து தொப்பூர் இறக்கம். நல்ல நினைவோடு இருப்பவனே நியூட்ரலில் விட்டுத் தடுமாறுகிற இடம்.

இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகளோ எடுப்பவர்கள்தான், இப்படிச் சர்க்கரை இறங்கி லோ ஆகாமல் கவனமாக இருக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் லோ ஆவது அபூர்வம். கிளம்பும் முன் விரலில் குத்திப் பாருங்கள். 90-க்கு மேல் இருந்தால் கிளம்பலாம். 70-க்கும் 90-க்கும் நடுவில் இருந்தால் ஏதாவது தின்றுவிட்டுக் கிளம்புங்கள். 70-க்குக் கீழே என்றால் ஓட்டவே கூடாது. மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அளவு சரியான பிறகும் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும், மூளை தெளிய அவ்வளவு நேரம் பிடிக்கும். தூரப் பயணத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை சோதனை. பல வருடச் சர்க்கரைக்காரர் சிலருக்கு லோ ஆகும்போது நடுக்கமோ வியர்வையோ தெரியாது. அவர்கள் டாக்டர் சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடாமல் இருப்பதே சரி.

சர்க்கரைக்காரரின் பாதத்தையும் பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு கால்விரலாகத் தொட்டு, எந்த விரல் என்று கேளுங்கள். நடக்கும்போது செருப்பு கழன்றதே தெரியவில்லை என்று சொல்கிறவருக்கு, பிரேக்கில் கால் எவ்வளவு அழுந்துகிறது என்பதும் தெரியாது.

தூக்கத்தை வீட்டுக்காரம்மாவிடம் விசாரியுங்கள், வண்டி ஓட்டுபவரே சொன்னால் நம்பாதீர்கள். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறல், பகலில் உட்கார்ந்தபடியே கண் சொக்குவது என்றால் தூக்க மருத்துவரைப் பார்க்காமல் இரவு வண்டி வேண்டாம். சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மாத்திரையும் தூங்க வைக்கும், தூக்கம் வருமா என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் வலிப்பு. விண்ணப்பிப்பவரே தன் உடல்நிலையை எழுதிக் கொடுக்கும் படிவம் 1-இல் வலிப்பு, திடீர் மயக்கம் பற்றிய கேள்விதான் முதலில் வரும். உண்டு என்று எழுதினால் லைசென்ஸ் கிடைக்காது என்பதால் மறைக்கிறார்கள். பிழைப்பு போய்விடும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் தெரிந்தபின் அவருக்கு வண்டி கற்றுத்தர என்னால் முடியாது. வேறு வேலைக்கு யாரையாவது விசாரித்துச் சொல்வேன்.

டாக்டரிடம் போகும்போது ஒரு மாத சர்க்கரை அளவை எழுதிய நோட்டையும் மாத்திரைச் சீட்டையும் மேசைமேல் வைத்துவிடுங்கள். அதைப் பார்த்தபின் ஆளை நிமிர்ந்து பார்க்காமல் இருப்பது எந்த டாக்டருக்கும் கொஞ்சம் கஷ்டம்தான்.